மோட்டாருக்கு முப்பது நாள்

எங்கள் குடியிருப்பில் ஆறு நாள் குழாயில் தண்ணீர் வராமல் போனதற்கு நான்தான் காரணம். மோட்டார் எரிந்ததற்கு நான் பொறுப்பல்ல. அது மின்னழுத்தம் செய்த வேலை. எரிந்த மோட்டாரைச் சரிசெய்ய விடாமல் தடுத்தது மட்டும் நான். அதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. குடும்பங்கள் சிக்கனமாக வாழ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் செய்தேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து ‘ஏற்பு’ அல்லது ‘நிராகரிப்பு’ என்று முத்திரை குத்துவது என் வேலை. பத்தொன்பது வருடமாகக் குத்துகிறேன். இப்படிப்பட்ட ஒருவன் மதிய உணவு இடைவேளையில் குடும்ப நிதி மேலாண்மை பற்றிய வீடியோக்களைப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். ஒரு வருடத்தில் நானூறு வீடியோ பார்த்திருப்பேன்.

பார்த்ததன் முதல் பலன், முகப்பேரிலிருந்து கரையான்சாவடி வரை ஸ்கூட்டரில் போய்த் தக்காளி வாங்கி வந்தது. அங்கே கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைவு. இரண்டு கிலோ வாங்கியதில் பன்னிரண்டு ரூபாய் மிச்சம்.

“பெட்ரோல் எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டாள் என் மனைவி ஹேமாவதி.

“நாப்பத்தஞ்சு ரூபா. ஆனா அது வேற தலைப்பு. போக்குவரத்து. நான் காய்கறித் தலைப்பைப் பத்திப் பேசுறேன்.”

அவள் தக்காளியை எண்ணிப் பார்த்து, நசுங்கிய நான்கைத் தனியாக எடுத்து வைத்தாள். “இது எந்தத் தலைப்பு?” என்றாள்.

இந்த அறிவை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் சேதம் தக்காளியோடு நின்றிருக்கும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து பேசியதுதான் தப்பு. பதினாறு வீடுகள், தரையோடு சேர்த்து நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. பொதுநிதியில் எப்போதும் பற்றாக்குறை. நான் முப்பது நாள் விதியை விளக்கினேன். எதையாவது வாங்கத் தோன்றினால் உடனே வாங்காதீர்கள். முப்பது நாள் காத்திருங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் அது தேவை. தோன்றாவிட்டால் அது வெறும் ஆசை.

கைதட்டினார்கள். பத்தொன்பது வருட உத்தியோகத்தில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. அதனால் உட்காராமல் மேலும் பத்து நிமிடம் பேசினேன்.

தலைவர் மனோகரன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். அவர் அரசுத் தணிக்கையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கீரைக்காரரிடம்கூட மேடைத் தமிழில்தான் பேசுவார். “இத்தனை ஆண்டுகள் ஒரு துறையே செய்ய முடியாததை பாபு ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டார்” என்று அறிவித்து, அந்த இடத்திலேயே ‘இல்லச் சிக்கன, நுகர்வோர் விழிப்புணர்வு உபகுழு’வை அமைத்தார். அவர் தலைவர். இரண்டாம் மாடியில் இருக்கும் கணக்கு டீச்சர் ராஜகுமாரி பொருளாளர். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் திருமுருகன் தரவு ஆலோசகர். நான் செயலாளர்.

குழுவுக்கு மூன்று பதிவேடு, ஒரு பேனர், நூறு விண்ணப்பப் படிவம், மூன்று ரப்பர் முத்திரை, ஒரு மை அட்டை வாங்கினோம். இவற்றுக்கு முப்பது நாள் காத்திருக்கவில்லை. விதி அமலுக்கு வருவதற்கு ஒரு நாள் முன்பாக வாங்கிவிட்டோம். முத்திரைகளை நானே சொல்லிச் செய்தேன்: ‘தேவை’, ‘ஆசை’, ‘ஆராயப்பட வேண்டியது’. அழகாக வந்திருந்தன.

விதி முதலில் மாடிப்படி பல்பின் மேல் பாய்ந்தது. இரண்டாம் மாடி பல்பு எரிந்துபோனது. தொண்ணூறு ரூபாய். காத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் இருட்டில் படி தவறி ராஜகுமாரி டீச்சருக்குக் கணுக்கால் பிசகியது. வைத்தியச் செலவு இரண்டாயிரத்து அறுநூறு. அடுத்த கூட்டத்துக்கு அவர் கட்டுப்போட்ட காலோடு வந்து, “இதுல பொதுநிதிக்கு ஒரு ரூபா நஷ்டமில்ல. முழுக்க என் சொந்தக் காசு” என்று பொருளாளராக அறிக்கை வாசித்தார். அதற்கும் கைதட்டினோம்.

இதற்கு நடுவே ஹேமாவதி எந்த வீடியோவும் பார்க்காமல் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக இட்லி மாவு வியாபாரம். பின்பக்க பால்கனியில் பெரிய கிரைண்டர் போட்டிருக்கிறாள். பாடியிலிருந்து வரும் வேம்புலியம்மாள் அவளுக்குத் துணை. மே மாதத்தில் எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தொழிற்சாலை கேன்டீன் அவளைக் கூப்பிட்டது. தினமும் முப்பது கிலோ மாவு, காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து வேலைநாள் சோதனை. ஒரு நாள் தவறினாலும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சரியாகப் போனால் ஒரு வருட ஒப்பந்தம். எங்கள் மகள் மதிவதனி ஜூனில் கல்லூரியில் சேர வேண்டும். முதல் தவணையை அந்த மாவிலிருந்துதான் கட்டுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். அதாவது, அவள் பேசினாள். நான் அந்தப் பணத்தை எந்தத் திட்டத்தில் முதலீடு செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

சோதனையின் நான்காம் நாள், வியாழக்கிழமை, கீழ்த்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்தது.

காவலாளி முனியன் அரை மணி நேரத்தில் தேவாவைக் கூட்டிவந்துவிட்டார். தேவா எஸ்டேட் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

“காயிலு போச்சி சார். மூவாயிரத்து எட்நூறு ஆவும். இப்ப கழட்டிகினு போனா நாளிக்கு மத்தியானம் ஓடும்.”

நான் முனியனையும் தேவாவையும் பார்த்தேன். விதியை எழுதியவன் நான். விதியை மீறும் முதல் ஆளாக நானே இருக்க முடியாது.

“முப்பது நாள் கழிச்சு வாங்க” என்றேன்.

தேவா முனியனிடம் தாழ்ந்த குரலில், “இன்னா அண்ணாத்தே, சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று கேட்டார்.

“ஒடம்புலாம் நல்லா தான் கீது. கமிட்டில கீறாரு” என்றார் முனியன்.

அன்று மாலை அவசரக் கூட்டம் வாகன நிறுத்தத்தில் நடந்தது. எல்லோரும் வேர்வையோடு வந்திருந்தார்கள். மனோகரன் எழுந்தார்.

“முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மோட்டார் நமக்குத் தேவையா? நாம் மோட்டாரையா குடிக்கிறோம்? மோட்டாரிலா குளிக்கிறோம்? தண்ணீர்தான் தேவை. தண்ணீர் கீழ்த்தொட்டியில் நிறைய இருக்கிறது. அது கீழே இருக்கிறது, நாம் மேலே இருக்கிறோம். அதுவாக மேலே ஏறி வர வேண்டும் என்று நினைப்பது ஆசை.”

“சார், நாம புதுசா எதுவும் வாங்கலியே. ரிப்பேர்தானே?” என்று மெல்லக் கேட்டேன். பால்கனி கிரைண்டர் என் கண்ணில் நின்றது.

அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து நான்காம் பிரிவை வாசித்தார்: “பழுதுபார்ப்பு என்பது மறைமுகக் கொள்முதலே ஆகும்.” வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அது என் வாக்கியம். ஹேமாவதி பழைய மிக்ஸியை நான்காவது முறையாகப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது கோபத்தில் எழுதியது.

திருமுருகன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். நாற்பத்தொரு மோட்டார்களின் விலையை அட்டவணை போட்டிருந்தான். “அண்ணா, காயில் கட்டுறதெல்லாம் பழைய காலம். புதுசாவே வாங்கலாம். ஆனா இப்ப வாங்கினா ஏமாளி. ஆடித் தள்ளுபடில பதினெட்டு பர்சென்ட் இறங்கும்னு டேட்டா சொல்லுது.”

“ஆடிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கேப்பா” என்றார் ஒருவர்.

“அதுக்குத்தான் சார் பொறுமை வேணும். எல்லாரும் தோக்குறது அங்கதான்.”

அதுவரை தண்ணீருக்கு என்ன வழி? ஆள் வைத்துக் குடத்தில் மேலே ஏற்றுவது என்று முடிவானது. குடத்துக்குப் பதினைந்து ரூபாய், வீட்டுக்குப் பத்துக் குடம். பதினாறு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு. ராஜகுமாரி டீச்சர் மனக்கணக்காகவே சொன்னார். சொன்ன பிறகு விரலை மடக்கி இன்னொரு தடவை கணக்குப் போட்டார். மோட்டாரின் மூவாயிரத்து எண்ணூறு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“இதுக்கு முப்பது நாள் வேண்டாமா?” என்று கேட்டார்.

“வேண்டாம். இது சேவை. விதி பொருளுக்கு மட்டும்தான்” என்றார் மனோகரன். “தலைப்பு வேறு.”

தலைப்பு வேறு என்ற சொல்லை நான் எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. உடனே நினைவுக்கு வரவில்லை.

யாரும் பத்துக் குடத்துக்கு மேல் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கீழ்த்தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி மனோகரனிடம். பூட்டு நூற்றைம்பது ரூபாய். அது பாதுகாப்புத் தலைப்பில் வந்தது.

ஹேமாவதிக்கு அரிசி களையவும் உளுந்து ஊறவைக்கவும் கிரைண்டர் கழுவவும் மட்டும் தினம் பதினைந்து குடம் வேண்டும். வெள்ளியிலிருந்து கேன் தண்ணீர் வாங்கினாள். ஒரு நாள் மாவுக்கு எட்டுக் கேன், மூன்றாம் மாடிக்கு ஏற்றும் கூலியோடு நானூற்று எண்பது ரூபாய். அந்த மாவில் அவளுக்கு ஒரு நாளைக்கு நிற்பது ஐந்நூறு.

வேம்புலியம்மாள் கேனைச் சாய்த்து உளுந்தில் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இன்னா சார் இது, மினரல் வாட்டர்ல உளுந்து ஊறுது. எங்க ஊட்ல புள்ளைங்களுக்கே இந்தத் தண்ணி கெடயாது. உளுந்து குடுத்து வெச்சிது சார்.”

“தற்காலிக ஏற்பாடு” என்றேன்.

“ஆமா, தண்ணி கீழ கீது, பூட்டு மேல கீது. பூட்ட ஒரு தபா தொறந்தா போதும். அதுக்கு மொத்தம் எத்தினி பேரு சார் சம்பளம் இல்லாம வேல பாக்கறீங்க?”

நான்கு பேர் என்று சொன்னேன். அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

திங்கட்கிழமை காலை ஹேமாவதி என்னிடம் விண்ணப்பப் படிவம் கேட்டாள். நான் மகிழ்ந்துபோனேன். பதினெட்டு வருட மணவாழ்க்கையில் அவள் என் முறை ஒன்றை மதித்தது அதுவே முதல் தடவை. உட்கார்ந்து நிதானமாக நிரப்பினாள். பொருள்: கூடுதலாகப் பதினைந்து குடம் தண்ணீர். காரணம்: தொழில். ‘இது இல்லாமல் தங்களால் முப்பது நாள் வாழ முடியுமா?’ என்ற கட்டத்தில், ‘செயலாளரோடு பதினெட்டு வருடம் வாழ்ந்திருக்கிறேன், முடியும். கேன்டீன்தான் ஒரு நாள்கூடக் காத்திருக்காது’ என்று எழுதினாள்.

மாலைக் கூட்டத்தில் அதை வாசித்தார்கள். திருமுருகன் சிரித்தான். மனோகரன் சிரிக்கவில்லை.

“செயலாளருக்கு இது ஒரு சோதனை” என்றார். “சொந்த வீட்டு விண்ணப்பம். இன்று சலுகை காட்டினால் நாளை மக்கள் இந்தக் குழுவை எப்படி மதிப்பார்கள்? ஆனால் குறுக்கிட மாட்டேன். முத்திரை உங்கள் கையில் இருக்கிறது, பாபு. மனசாட்சிப்படி செய்யுங்கள்.”

முத்திரைப் பெட்டி என் மடியில் இருந்தது. ‘தேவை’யைக் கையில் எடுத்தேன். நாலு பேர் பார்க்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகம் சரியா தவறா என்று சந்தேகம் வந்தால் நிராகரித்துவிடுவோம். நிராகரித்ததற்காக யாருக்கும் இதுவரை மெமோ வந்ததில்லை. ‘தேவை’யை வைத்துவிட்டு ‘ஆசை’யை எடுத்தேன். கை பழக்கத்தில் அழுத்தியே குத்தியது.

மனோகரன் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். பொது வாழ்வில் நேர்மை இன்னும் சாகவில்லை என்றார்.

வீட்டில் ஹேமாவதி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். “நல்லா பதிஞ்சிருக்கு” என்று மட்டும் சொல்லி மடித்து வைத்தாள்.

செவ்வாய் காலை கேன்காரர் தன் முட்டியைக் காட்டினார். நாளையிலிருந்து மூன்றாம் மாடி ஏற முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். புதன் மதியம் ஊறவைத்தால்தான் வியாழன் காலை மாவு. வியாழன் சோதனையின் கடைசி நாள். நான் ஹேமாவதியிடம், இன்னொரு படிவம் கொடுத்தால் இந்த முறை ‘ஆராயப்பட வேண்டியது’ வாங்கித் தர முயல்கிறேன் என்றேன். அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

புதன் மாலை வீடு திரும்பிக் கைகழுவும் இடத்தில் பழக்கதோஷத்தில் குழாயைத் திருகினேன். தண்ணீர் வந்தது. சட்டையெல்லாம் நனைந்தது. நடந்ததை வேம்புலியம்மாள்தான் சொன்னார். செவ்வாய் பகலிலேயே தேவா வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார். புதன் பதினொரு மணிக்கு மாட்டிவிட்டார். மாவுப் பணத்திலிருந்து ஹேமாவதி மூவாயிரத்து எண்ணூறு கொடுத்து, ரசீதில் ஆறு மாத உத்தரவாதம் என்று எழுதி வாங்கியிருந்தாள். ‘முன்னூறு கொறைச்சுக்குங்க’ என்று கேட்டதற்கு தேவா குறைக்கவில்லையாம். ‘அப்ப பழைய செம்புக் கம்பியையாவது குடுங்க’ என்று இவள் கேட்டாளாம். அதைக் கொடுத்துவிட்டாராம். பழைய இரும்புக் கடையில் அதற்கு நானூற்றைம்பது. கம்பி ஒரு கோணிப்பையில் கிரைண்டருக்கு அடியில் இருந்தது.

கீழே மனோகரன் ஏற்கெனவே கூட்டத்தைத் தொடங்கியிருந்தார்.

“மாடித்தொட்டியில் இப்போது இருப்பது முன் அனுமதி பெறாத தண்ணீர்” என்றார். “கொள்கைப்படி அதைக் கீழே இறக்கிவிட வேண்டும்.”

வாகன நிறுத்தம் முழுக்க ஆறு நாள் வேர்வை வாடை அடித்தது. கடைசியில் ராஜகுமாரி டீச்சர் ஒரு வழி சொன்னார்: நடந்ததற்குக் கடும் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஏகமனதாக நிறைவேறியது. அன்று மாலை பதினாறு வீட்டிலும் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுக் குளித்தார்கள். மனோகரன் வீட்டுக் குழாய் எட்டு மணி வரை ஓடியது.

வியாழன் காலை மாவு ஐந்து ஐம்பதுக்குக் கேன்டீனில் இருந்தது. மதியம் ஒப்பந்தம் கையெழுத்தானது.

முனியன் மட்டும் வருத்தமாக இருந்தார். “அஞ்சி நாளு என் மச்சானுங்க ரெண்டு பேரும் கொடம் தூக்குனானுங்க சார். பன்னண்டாயிரம். அவங்க அம்மாவே உங்க கமிட்டிய வாழ்த்துச்சி. அடுத்து இன்னா சார் எரியும்?”

முப்பதாவது நாள் வந்தது. விதிப்படி மோட்டாரைப் பரிசீலிக்கும் கூட்டம். கோப்பைத் திறந்து மனோகரன் முறையாகக் கேட்டார்: “எல்லோரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இன்றைக்கு நமக்கு மோட்டாரைச் சரிசெய்ய வேண்டும் என்ற தேவை இருக்கிறதா?”

ஓடுகிற மோட்டாரை யார் சரிசெய்வார்கள்? இல்லை என்றோம்.

அவர் கண் கலங்கிவிட்டது. “பார்த்தீர்களா? முப்பது நாளுக்கு முன்னால் எத்தனை பேர் பதறினோம்! காத்திருந்தோம். தேவை தானாக மறைந்துவிட்டது. சங்கத்துக்கு மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் மிச்சம். பாபு, உங்கள் விதி நிரூபணமாகிவிட்டது.” அந்தத் தொகையை ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் போடுவதென்றும், பக்கத்துக் குடியிருப்புகளுக்கு என்னை அனுப்பிப் பேச வைப்பதென்றும் தீர்மானித்தார்கள். குடம் சுமந்த பன்னிரண்டாயிரம் சேவைத் தலைப்பில் பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது தோளில் இருக்கும்போதே சட்டைப் பையிலிருந்து ஹேமாவதியின் மனுவை எடுத்துக் கொடுத்தேன். மோட்டாருக்குச் செலவழித்த மூவாயிரத்து எண்ணூறைச் சங்கம் திருப்பித் தர வேண்டும் என்று நான்கே வரியில் எழுதி, ரசீதின் நகலை இணைத்திருந்தாள்.

மனோகரன் இரண்டு முறை படித்தார். “மிச்சம் என்று தீர்மானமே போட்டாகிவிட்டதே! இதைக் கொடுத்தால் மிச்சம் எங்கே இருக்கும்?” பிறகு குரலைத் தணித்தார். “இது ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். செலவான பணம் திரும்பி வர வேண்டும் என்பது தேவையா, ஆசையா? செயலாளர் சொல்லட்டும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொன்னாடை கழுத்தில் குத்தியது. பெட்டியைத் திறந்தேன். மை அட்டை காய்ந்து வெடித்திருந்தது. புது மை அட்டைக்கு மூன்று வாரத்துக்கு முன்பே விண்ணப்பித்திருந்தேன். இன்னும் ஒன்பது நாள் பாக்கி. ‘ஆசை’யை எடுத்து வாயால் இரண்டு முறை ஊதி ஈரமாக்கிக் குத்தினேன். லேசாகப் பதிந்தது.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு மனுவை நீட்டினேன். ஹேமாவதி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“எழுத்தே தெரியல.”

“மை இல்ல.”

சரி என்று வாங்கி, தேவாவின் ரசீது, கேன்டீன் ஒப்பந்தம், கல்லூரிக் கட்டண ரசீது எல்லாம் இருக்கும் கோப்பில் வைத்தாள். அப்படியொரு கோப்பு வீட்டில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரவு முத்திரைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் எழுந்து வந்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஹேமாவதியும் வேம்புலியம்மாளும் ஆளுக்கொரு டம்ளர் காபியோடு நின்றிருந்தார்கள். என் டம்ளர் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அதன் அடியில் ஒரு விண்ணப்பப் படிவம். என் பெயரில் ஹேமாவதியே நிரப்பியிருந்தாள். பொருள்: காபி. ‘இது இல்லாமல் தங்களால் முப்பது நாள் வாழ முடியுமா?’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். மூலையில் ‘ஆசை’ என்று முத்திரை. அடர் நீலத்தில், ஓரம் கலையாமல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது. நான்கூட அவ்வளவு சுத்தமாகக் குத்தியதில்லை.

“மை ஏது?” என்று கேட்டேன்.

“காலையில பால் வாங்கப் போனப்ப பக்கத்துக் கடையில வாங்கினேன்” என்றாள் ஹேமாவதி, காபியை ஆற்றிக்கொண்டே. “இருபது ரூபா. தேவைப்பட்டுச்சு.”